மூத்தவன் வீட்டு ஒற்றை விளக்கு

சந்தை நாளில் அபோண்டியின் கடை முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். கூட்டம் நின்றது செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற. அதுவும் இலவசமாக. தகரக் கூரையின் மேல் ஒரு சோலார் பலகையைச் சாய்த்து வைத்து, கீழே ரேடியோவை அலறவிட்டு, "போனைக் கொண்டாங்க, சும்மா போட்டுத் தர்றேன், வெயில் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க" என்று கூவி அழைத்தது அவளேதான். வந்தார்கள், பார்த்தார்கள். "அடுத்த சந்தைக்கும் கடை உண்டுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக் கூரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நீ சோலார் கடை வைக்கல அபோண்டி, தண்ணிப் பந்தல் வெச்சிருக்க" என்றான் அவள் புருஷன் ஒவிதி. வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். அவள் விற்கும் பலகைகளைத் தன் வண்டியில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகலாம் என்று கயிறெல்லாம் வாங்கி வைத்திருந்தான். கயிறு இன்னும் சுருள் பிரியாமல் கிடந்தது.

அபோண்டி சிரிக்கவில்லை. கிசுமு நகரத்தில் ஒரு கம்பெனிக்காகப் பல வருடம் கூரை ஏறியவள் அவள். அந்த வேலையை விட்டு, ஒவிதியின் சொந்த ஊரான இந்தச் சின்னச் சந்தைக்கு வந்து கடை போட்டதே துணிச்சல்தான். கிசுமுக் கிடங்கின் மேலாளர் ராபாலா அவளை நம்பிப் பலகைகளையும் பேட்டரிகளையும் கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கிடங்கு வண்டி வரும்போது கொடுத்த பலகை அத்தனையும் யாராவது ஒருத்தர் கூரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போய் இந்த வட்டாரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் மறுபடி கிசுமுக்குப் போய் இன்னொருத்தரிடம் கூலிக்கு ஏணி ஏற வேண்டியதுதான்.

"அதுக்கு நான் இங்கயே மீன் விப்பேன்" என்பாள். மீன் விற்கவும் அவளுக்கு மனசில்லை.

முதல் ஆள் ஒருவழியாக வந்தான். பேர் ஜாரெட். கோழிக்குஞ்சு வளர்ப்பவன். இருட்டினால் மரநாய் வந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகிறது, வெளிச்சம் இருந்தால் அண்டாது என்றான். மழை பெய்தால் சாமான் செத்துப்போகுமா என்று கேட்டான். அபோண்டி ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் பலகையின் தலையில் கொட்டிக் காண்பித்தாள். ரேடியோ நிற்காமல் பாடியது. அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே ஒவிதியின் கயிறு சுருள் பிரிந்தது.

ஜாரெட்டின் வீடு அவன் அம்மாவின் வளவுக்குள் இருந்தது. கள்ளி வேலி. உள்ளே நுழைந்தால் நேர் எதிரே தாய் பெர்பெத்துவாவின் வீடு. வாசலுக்கு வலப்பக்கம் மூத்தவன் ஒகோலாவின் வீடு, இடப்பக்கம் நடுப்பிள்ளை ஒகுத்துவின் வீடு. கடைக்குட்டி ஜாரெட்டின் வீடு மூத்தவன் வீட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. அந்தப் பக்கத்து வளவுகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். அபோண்டி பிறந்த செமேயிலும் இதேதான். அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. ஏணியைச் சாய்த்தாள், ஏறினாள், மாலைக்குள் நாலு பல்பு எரிந்தது. குஞ்சுகள் பகல் என்று நினைத்துத் திரும்பவும் தீனி பொறுக்கின.

ஏணியை இறக்குவதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது.

"ஆகா! மூத்தவன் வீட்டுல தகர வெளக்கு புகையுது, கடைசிப் பிள்ளை வீட்டுல கல்யாணம் நடக்குது! நல்லா இருக்கு குடும்பம்!" ஒகோலாவின் மனைவி டோரின் இடுப்பில் கை வைத்து வளவின் நடுவில் நின்றாள். அக்கம்பக்கத்து வளவுகளில் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பெர்பெத்துவா மெதுவாக வெளியே வந்தார். கூரையைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார்.

"ஏணி இன்னும் இருக்குல்ல? ஏறி எறக்கு."

"அம்மா, வெளக்கு என்ன வெதைப்பா அறுப்பா?" என்றாள் அபோண்டி. "ஜாரெட் ரேடியோ வாங்கினப்ப அண்ணன் வாங்கினானான்னு கேட்டீங்களா?"

"ரேடியோ மேசை மேல இருக்கு. இது கூரை மேல இருக்கு. கூரைன்னா வீடு. வீட்டுக்கு வரிசை உண்டு. மூத்தவன் கட்டாம எளையவன் கட்டுவானா? ஏன் செமேக்காரி, உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாதா?"

உண்டு. விதைப்பதிலும் அறுப்பதிலும் வீடு கட்டுவதிலும் மூத்தவரைத் தாண்டினால் சிரா பிடிக்கும், உடம்பு உருகி ஆள் எலும்பாகிப் போவான் என்பதைக் கேட்டு வளர்ந்தவள்தான் அவள். அத்தனை கண்களுக்கும் முன்னால், தான் முடுக்கிய திருகுகளைத் தானே கழற்றினாள். பல்புகள் அணைந்தபோது ஜாரெட் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த சந்தையில் இலவசச் சார்ஜுக்குக்கூட ஆள் குறைந்துவிட்டது. "சிராவக் கம்பியில ஏத்தி வீட்டுக்குள்ள விடுறாளாமே" என்று தக்காளிக்காரி ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். அரைமனதாகச் சரி சொல்லியிருந்த இரண்டு பேரும் அவளைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது உகாலிக் களியை உருட்டிக்கொண்டே ஒவிதி கேட்டான். "ராபாலாவுக்கு நாமளே போன் போட்டு எடுத்துக்கச் சொல்லிரலாமா? வண்டி வந்து, ஊர் பார்க்க ஏத்துறதுக்கு அது மேல்."

"மாட்டேன்."

"சரி. அப்போ என்ன பண்ணப் போற?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கே பிசகியது என்று தெரிந்திருந்தது. கிசுமுவில் எல்லாம் வாடகை வீடு. வாடகை வீட்டில் மூத்தவன் ஏது, இளையவன் ஏது? அங்கே பழகிய வாய், இங்கேயும் வந்தவரிடமெல்லாம் எத்தனை பல்பு, டிவி உண்டா என்றே கேட்டது. இந்த மண்ணில் ஒரு பெண் மண்வெட்டியைத் தொடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயத்தை அவள் கேட்கவில்லை. எனக்கு முன்னால் யார்?

காலையில் நேராகப் பெர்பெத்துவாவின் வீட்டுக்குப் போனாள். அவர் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இவளும் உட்கார்ந்து உடைத்தாள். மாமரத்தடியில் ஒகோலா தன் கூட்டாளி ஒருவனோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தான்.

"ஒகோலாண்ணே, மொதல்ல நீங்க ஒண்ணு மாட்டிக்கலாம்ல?"

"எனக்கு எதுக்கு? இருட்டினா தூங்குவேன். தூங்கறதுக்கு வெளக்கு வேணுமா?" காயை எண்ணியபடியே சொன்னான்.

"தம்பிக்கு வேணுமே."

"அவ்வளவு அவசரக்காரன் எதுக்குக் கடைசியாப் பொறந்தான்?"

கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். பெர்பெத்துவாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அபோண்டி அதைக் கவனித்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். இவரு ஏர் மாட்டைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள மழை போயிருமே. மத்த பிள்ளைங்க எப்படித்தான் வெதைக்கிறாங்க?"

"ஏன் கேக்கற! கையில மண்வெட்டியக் கொடுத்து நாலு கொத்து கொத்த வைப்பேன். நாலு சோளம் போடுவான். ஒகோலா வெதைச்சாச்சு, எறங்குங்கடான்னு மத்தவங்களை விட்டுருவேன்."

"நாலு கொத்துக்கு வயல்னு பேரா?"

"முறைக்கு அது போதும்டி."

அபோண்டி கடலையைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து உள்ளங்கை அகலப் பலகை ஒன்றையும் ஒற்றைப் பல்பையும் எடுத்துத் தரையில் வைத்தாள். காவல்காரர்களுக்கும் ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்கும் ஆகும் என்று கிடங்கில் ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் சீந்தாமல் கிடந்தது.

"இதுதான் நாலு கொத்து" என்றாள். "மொதல்ல உங்க கூரை. அப்புறம் ஒகோலாண்ணன் கூரை. அதுக்கப்புறம் நடுப்பிள்ளை, கடைசில ஜாரெட். ஒவ்வொண்ணையும் நீங்களே உங்க கையால போடுங்க."

பெர்பெத்துவா பல்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், ஆட்டத்தை நிறுத்திட்டு ஏணியப் பிடிடா."

தாய்க்கும் மூத்தவனுக்குமான ஒற்றை விளக்குகளை ஜாரெட்டும் ஒகுத்துவும் சேர்ந்து வாங்கினார்கள். பொழுது சாய்ந்ததும் பெர்பெத்துவா தன் வீட்டு விளக்கைப் போட்டார். வளவைக் கடந்து ஒகோலா வீட்டுக்குப் போய் அங்கே போட்டார். எதிர்ப்பக்கம் ஒகுத்து வீடு. கடைசியில் கோழிக்கூடு. பின்னாலேயே பிள்ளைகளும் மருமகள்களும் அக்கம்பக்கத்தாரும் ஊர்வலம் போல வந்தார்கள். இந்த முறை எதையும் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டோரின் மட்டும் தன் வீட்டு ஒற்றை விளக்கையும் ஜாரெட் வீட்டு நாலு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதன் பிறகு அபோண்டி இலவசச் சார்ஜை நிறுத்தினாள். கடையில் உட்காருவதையும் குறைத்தாள். ஒவிதியின் வண்டியில் ஏறி வளவு வளவாகப் போய், வரிசையை முதலில் கேட்டாள், பல்பை அப்புறம்தான் பேசினாள். அண்ணனுக்கு ஒற்றை விளக்கு வைத்தால் தம்பிக்கு வழி திறக்கும் என்று தெரிந்ததும், தம்பிகள் அண்ணன்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒற்றை விளக்குப் பெட்டி தீர்ந்து, கிசுமு பஸ்ஸில் இன்னொன்று வரவழைத்தாள். எல்லா இடத்திலும் கூடிவரவில்லை. ஓர் இடத்தில் இரண்டு சக்களத்திகள் யார் மூத்தவள் என்பதையே முடிவுகட்ட முடியாமல் அவளை வெயிலில் நிற்க வைத்தார்கள். இன்னோர் இடத்தில் அண்ணன்காரன் தம்பிக்கு வழிவிட ஒரு டிவி கேட்டான். "வாங்கித் தர ஆள் வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

டிசம்பரில் நைரோபியில் இருந்தும் மொம்பாசாவில் இருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். மொத்தக் குடும்பமும் ஒரே வளவில் கூடும் மாதம் அது ஒன்றுதான். அபோண்டி தரையில் நின்றதைவிடக் கூரையில் இருந்ததுதான் அதிகம்.

ஒகோலாவும் வந்தான், தானாகவே. டோரின் ஒமேனா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஜாரெட் வீட்டு வெளிச்சத்தில் சமைக்க ஆரம்பித்திருந்தாள். சாப்பிட வேண்டுமானால் அங்கே வா என்றும் சொல்லிவிட்டாளாம்.

"தம்பிக்கு எத்தனை பல்பு போட்ட?"

"நாலு."

"எனக்கு அஞ்சு போடு. பல்லை இளிக்காத, சீக்கிரம் வா."

விடுமுறை முடிந்தது. கிடங்கு வண்டி வந்து நின்றது. ராபாலா இறங்கி, கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் ஒரே ஒரு பெரிய பலகை சாய்ந்து நின்றது. டிவி கேட்ட அந்த அண்ணனின் தம்பிக்கு என்று வைத்தது.

"நல்லா வித்திருக்கீங்க. மறுக்கல" என்றார். "ஆனா எல்லாம்னு சொன்னேன். இந்த வட்டாரத்துக்கு இன்னொரு ஆள் காத்திருக்கான். ஒண்ணு மிச்சம்னு நான் மேலிடத்துல எப்படிச் சொல்றது?"

ஒவிதி தரையைப் பார்த்தான். அபோண்டி ராபாலாவைப் பார்த்தாள்.

"சார், உங்க சொந்த ஊரு?"

"இங்கதான், ஆலேகோ. ஏன்?"

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க கூரையில என்ன இருக்கு?"

ராபாலா வண்டிக்குள் இருந்த டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அவசரமாக வேறு பக்கம் பார்த்தான். ஊருக்கெல்லாம் பலகை அனுப்பும் மனுஷன் அம்மா வீட்டில் தகர விளக்குதான் என்று சொல்ல யோசித்தார்.

"நீங்க எத்தனாவது பிள்ளை சார்?"

"மூணாவது." குரலைத் தாழ்த்தினார். "அதுதாம்மா சிக்கலே. ஆளாளுக்குத் தனக்கு முன்னால ஒருத்தரைக் கை காட்டுறாங்க. பெரியண்ணன் மொம்பாசாவுல. வருஷக்கணக்கா வீட்டுப்பக்கமே வரல. அவரு வராம என் கை எப்படிக் கூரை மேல போகும்?"

"ஆள் வர வேண்டாம் சார். வாய் வந்தா போதும். சத்தமாக் கேக்குற மாதிரி போன்ல போட்டு அம்மா கையில கொடுங்க. மொதல் விளக்கப் போடுங்கம்மான்னு அவரு சொல்லட்டும். அவரு வீட்டுக்கும் அடுத்தவரு வீட்டுக்கும் ஒத்த விளக்கு என்கிட்ட இருக்கு."

"அம்மா ஒத்துப்பாங்களா?"

"நான் பேசறேன். கடலை உடைச்சுக்கிட்டே பேசறேன்."

ராபாலா அந்தப் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். ஊரில் இருந்து திடீரென்று போன் வந்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, பதறாதீங்க. இல்ல, யாரும் சாகல. எல்லாரும் நல்லா இருக்காங்க. நீங்க மொதல்ல உக்காருங்க. ஒரு வெளக்கு விஷயம்."

அபோண்டி ஏணியின் ஒரு முனையைத் தூக்கினாள். ஒவிதி கயிற்றை உதறிக்கொண்டு பலகை பக்கம் போனான்.