வேறு வீட்டுத் தட்டு

பலெர்மோவின் லிபெர்த்தா பகுதி வீடொன்றில், பழம்பொருள் வியாபாரி ஒருவர் நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பார்த்த அந்தக் காலை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தட்டின் பூவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் முகத்தை விட்டு முதுகைப் பார்க்கிறாரே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. என் அண்ணனின் மனைவி, என் மச்சாள், அந்த வீட்டுக்கார வயதான அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரித்து வந்தார். அவருடைய இத்தாலியன் சமையலறை வரைக்கும்தான் போகும்; அதற்கு மேல் கதைக்க வேண்டியிருந்தால் என்னைக் கூட்டிப்போவார். தட்டுகள் சிஞ்ஞோராவின் மாமியார் வழி வந்தவை. ஆங்கிலேயர் சிசிலிக்கு வைன் வாங்க வந்த காலத்துச் சாமான்கள். சிஞ்ஞோராவின் மகன் அவற்றை விற்க நினைத்து வியாபாரியை அழைத்திருந்தான்.

எல்லாத் தட்டுகளின் அடியிலும் சின்னச் சாய்சதுர முத்திரை இருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு கிரீடமும் 'இங்கிலாந்து' என்ற சொல்லும். நாட்டின் பெயரை அடியில் போடும் வழக்கம் பிந்தி வந்தது, இது பழையதல்ல, யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார் வியாபாரி. மகன் மச்சாளைப் பார்த்தான். அவரோ தலையாட்டி, தன் அரைகுறை இத்தாலியனில், "தெரியும், அது வேறு வீட்டுத் தட்டு, அதனால்தான் எப்போதும் அடுக்கில் கீழே வைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் செம்புக்கும் தாம்பாளத்துக்கும் அடியில் வெட்டுவது சொந்தக்காரரின் பெயரை. கலியாண வீட்டுக்கு இரவல் போனது மாறிப்போகாமல் திரும்ப வேண்டுமே. செய்தவன் பெயர் யாருக்கு வேண்டும்? அடையாளம் வேறு என்றால் வீடு வேறு. என்றாவது கேட்டு வருவார்கள், கொடுத்துவிட வேண்டும். இதை நான் எவ்வளவு விளக்கியும் மகன் காதில் 'தெரியும்' என்றது மட்டும்தான் ஏறியது. சிஞ்ஞோரா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றான் மகன்.

மச்சாளின் பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதைக் கொடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவின் வாசலை மிதிக்கவே முடியாது. வீட்டில் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. தேவையில்லாமல் வெங்காயம் உரித்தார், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தார், தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். வெறுங்காலோடு மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவிடமும் முறையிட்டார். "கள்ளி எண்டு கதை பரவினால் இஞ்சை ஆர் எனக்கு வேலை தருவினம்?" என்று இறங்கும்போது கூடப்போன என்னிடம் கேட்டார்.

கடைசியில் அழைத்தது சிஞ்ஞோராதான். போனோம். மகனும் இருந்தான். கலியாணமான புதிதில் பழைய தட்டுகளில் ஒன்று தன் கையால் உடைந்தது என்றார் சிஞ்ஞோரா. மாமியார் மொண்டெல்லோக் கடற்கரையில் கோடை கழித்து வருவதற்குள், வியா மக்வேதா தெருவில் ஒரு கடையில் அதே பூப்போட்ட தட்டைத் தேடி வாங்கி அடுக்கில் செருகிவிட்டாராம். "இவ்வளவுதானா, மம்மா?" என்று மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மச்சாள் சிரிக்கவில்லை. "ஏன் அண்டைக்கே சொல்லேல்லை எண்டு கேள்," என்றார் என்னிடம். கேட்டேன். மகனுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது என்றார் சிஞ்ஞோரா.

"எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் எண்டு சொல்லு. அண்டைக்குப் பள்ளிக்கூடத்தாலை வந்து கேட்டவன், அம்மா, நீங்கள் எடுத்தனீங்களோ எண்டு."

ஒரு சொல்லும் விடாமல் இத்தாலியனில் சொன்னேன். மகனின் சிரிப்பு நின்றது. சிஞ்ஞோரா மச்சாளின் கையைப் பிடிக்க வந்தார். மச்சாள் கையைக் கொடுக்கவில்லை.

வேலை ஒப்பந்தம் நிலைத்தது, பெர்மெசோவும் கிடைத்தது. சிஞ்ஞோரா இன்று உயிரோடு இல்லை. மச்சாளின் மகன் வளர்ந்து வேலைக்கும் போகிறான். அப்படிக் கேட்டது அவனுக்கு நினைவிருப்பதாகத் தெரியவில்லை. மச்சாள் ஒருநாளும் அதை அவனுக்கு நினைவூட்டியதில்லை.