தூங்கிப் பார்த்துச் செய்தவர்

கலியபெருமாளின் மனைவி போன் செய்தபோது நான் பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நோயாளி. "காலையில போயிட்டாருங்க" என்றார். அந்த ஸ்கேன் முடியும்வரை எழவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மதியம் அரியலூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் இந்த மனிதரின் காலில் அந்தக் கட்டைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்கேன் மேசையில் நோயாளி வலியில்லாமல் படுக்க வேண்டிய மெத்தைகளையும் தாங்கிகளையும் வடிவமைப்பது அவர் தொழில். படித்த இன்ஜினியர். வேலை செய்வதைப் பார்த்தால் சோம்பேறி என்றுதான் சொல்லத் தோன்றும். புதிதாக ஒன்றைச் செய்து எங்கள் சென்டருக்கு எடுத்து வருவார். மெஷினில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் வந்தால் சரி. வராவிட்டால் ஸ்பாஞ்சை மறுபடி அறுப்பார். "தூங்கிச் சம்பாதிக்கிற ஆளை இங்கதான்யா பாக்குறேன்" என்பேன். "தூங்குறதும் ஒரு வேலைதான், உனக்கு வராது" என்பார்.

நோயாளிகளிடம் அவர் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. "வூட்ல எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" அதைக் கேட்டதும் அவர்கள் முகம் இளகிவிடும். நெல்லுக்குக் காவலாகக் களத்தில் படுத்தது, ஏலாக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து ஊரைத் தவறவிட்டது, செத்துப்போன மாடு கனவில் வந்து வாசலில் நின்றது என்று பேசிக்கொண்டே போவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவரோ பாதிக் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருமுறை விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். இடுப்பு மூட்டு வலி. படம் பார்த்துத்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பைப் படம் எடுக்கப் பாதங்கள் உட்பக்கம் திரும்பி அசையாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கட்டைவிரல்களைச் சேர்த்து டேப் ஒட்டுவோம். ஒட்டினேன். அவர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். "உசுரோட இருக்கறப்பவே கட்டுறீங்களே சாமி" என்று இறங்கிவிட்டார். எவ்வளவு சொல்லியும் மறுபடி படுக்கவில்லை.

"முறையே அதுதானய்யா, நான் என்ன செய்ய?" என்று கலியபெருமாளிடம் கத்தினேன். "முறைதான். அந்தக் கட்டோட யாருக்குத் தூக்கம் வரும், சொல்லு" என்றார். அதன்பின் யாரைப் பார்த்தாலும் அவர் பார்வை பாதத்தில்தான் இருந்தது. கடைசியில் இரண்டு பள்ளம் வெட்டிய ஸ்பாஞ்சு ஒன்று வந்தது. கால்களை வைத்ததும் அவை தாமாக உட்பக்கம் சாய்ந்து நின்றன. கட்டே தேவைப்படவில்லை. அவரே விக்கிரமங்கலம் போய் அந்த விவசாயியை அழைத்து வந்தார். மெஷின் போட்ட அத்தனை சத்தத்திலும் மனிதர் குறட்டை விட்டார். ஆபரேஷன் முடிந்து இப்போது வயலுக்குப் போகிறார்.

போன வருடம் கலியபெருமாளே இடுப்பு வலி என்று வந்து, தன் ஸ்பாஞ்சிலேயே கால் வைத்துப் படுத்தார். "எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்க சார்?" என்று கிண்டல் செய்தேன். "எந்தப் பக்கமும் முடியலய்யா. தூங்கியே ரொம்ப நாளாச்சு" என்றார்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. எலும்பில் இருக்கக் கூடாதது இருந்தது. எல்லாம் முடிந்ததும் மைக்கில் கூப்பிட்டேன். பதில் இல்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே அடுத்த நோயாளி கதவருகில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகுங்க, உக்காருங்க" என்றேன். கலியபெருமாளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். திரையில் இருந்தது எனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. நான் எழுப்பவில்லை.