சர்மிளாவின் பத்து விநாடி

சர்மிளாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டோர்வல் விமான நிலையத்தருகே விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் கூடத்தில் அவள் கைக்கு ஈடுகொடுக்க ஆளில்லை; பக்கத்தில் நிற்பவர் பாண் துண்டை எடுப்பதற்குள் நாலு தட்டை நிரப்பித் தள்ளிவிடுவாள். லாசாலில் இருக்கும் வீட்டுக்கு வந்தாலும் அதே பரபரப்புத்தான். "கெதியா, கெதியா" என்று புருசன் விமலநாதனையும் மூன்று வயது மகள் லக்சனாவையும் விரட்டாமல் அந்த வீட்டில் ஒரு சப்பாத்துக்கூடக் காலில் ஏறாது.

லக்சனா பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. காக்ளியர் கருவி பொருத்தி ஒரு வருடமாகிவிட்டது. இப்போது கூப்பிட்டால் திரும்புகிறாள், கதவு தட்டினால் ஓடுகிறாள். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல், ஒரேயொரு சொல், வரவில்லை. காலையில் கருவியின் காந்தத்தைத் தலையில் ஒட்டும்போதே சர்மிளா பிள்ளையின் வாயைப் பார்ப்பாள். இன்றைக்காவது?

பேச்சுப் பயிற்சி தரும் பெண், பிள்ளை வீட்டில் சாப்பிடுவதைப் படம்பிடித்து வரச் சொன்னாள். சர்மிளா பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினாள். விழுங்கியதும் அடுத்த கவளம் வாயில். பிள்ளை பருப்பைப் பார்த்தால் பருப்பு, தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர். கண்ணைப் பார்த்தே எல்லாம் அறியும் தாய்!

அந்தப் பெண் படத்தை நிறுத்தினாள். "பிள்ளை வாய்திறந்து கேட்க நீங்கள் இடமே விடவில்லையே," என்றாள் பிரெஞ்சில், மெதுவாக. கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து விநாடி காத்திருக்க வேண்டுமாம்.

சர்மிளாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளையின் வாயை அடைத்தது தன் சோறுதானா?

அன்று மாலை கவளத்தை உருட்டிக் கையிலேயே பிடித்தாள். ஒன்று, இரண்டு... லக்சனா வாயைத் திறந்தாள். மூடினாள். சோற்றுக் கோப்பையைச் சுட்டிக் காட்டினாள். மேசைக்கடியில் சர்மிளாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"குடுமப்பா, பிள்ளைக்குப் பசிக்குது," என்றான் விமலநாதன்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ!"

ஆறு. ஏழு. பிள்ளையின் உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது. பாழாய்ப்போன பத்து விநாடி, யாருக்கு வேண்டும் இது! சர்மிளாவின் கை தானாகவே முன்னே நகர்ந்தது. அவள் அதை இழுத்துப் பிடித்தாள்.

லக்சனா மேசையில் ஓங்கி அடித்தாள்.

"கெதியா!"

அம்மா என்றோ சோறு என்றோதான் வருமென்று சர்மிளா ஒரு வருடமாக நினைத்திருந்தாள். பிள்ளையோ அவ்வளவு நாளும் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கவளம் கையிலேயே நசுங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, சர்மிளா அசையாமல் இருந்தாள். லக்சனா இன்னொரு தடவை அதட்டினாள்.