கத்தரிக்கோல் கேட்ட மாணவர்

லைப்சிக்கில் ஒரு மாணவர் விடுதியில் எனக்குப் பராமரிப்பு வேலை. வெள்ளி மாலைகளில் யூத மாணவர்கள் சபாத் கொண்டாடுவதற்குக் கீழ்மாடிக் கூடத்தைத் திறந்துவிடுவேன். சபாத் அவர்களுடைய ஓய்வுநாள். சனிக்கிழமை இருட்டும்வரை நீளும்.

அதை நடத்தியவர் ஒரு மருத்துவ மாணவர். மெலிந்த முகம், அடிக்கடி வழுக்கும் மூக்குக்கண்ணாடி. எத்தனை பேர் வந்தாலும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுவார். அது எனக்கு. "இருங்கோ அண்ணை" என்பார். சொல்வது ஜெர்மனில்தான்; என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாக இப்படித்தான் விழும்.

அந்தக் குளிர்கால வெள்ளியன்று வழக்கத்தைவிட உரக்கப் பாடினார். மேசையைத் தட்டித் தாளம் போட்டார். புதிதாக வந்த பிள்ளைகளும் கூச்சம் விட்டுப் பாடினார்கள்.

மறுநாள் இருட்டியதும் என் அறைக்கு வந்து கத்தரிக்கோல் கேட்டார். கொடுத்தேன். சட்டையின் கழுத்தோரம் சிறிதாக வெட்டி, மிச்சத்தை நெஞ்சுவரை கையால் கிழித்தார். பெற்றவர் இறந்தால் அவர்கள் அப்படிச் செய்வார்களாம்.

"அம்மா," என்றார். "ஒடெசாவிலை. நேற்று மத்தியானம் அறிவிச்சவை."

"தெரிஞ்சுகொண்டே பாடினனீர்?"

"சபாத்திலை மற்றவைக்கு முன்னாலை துக்கம் காட்டக் கூடாது அண்ணை. அந்தப் பிள்ளையளுக்கு வீட்டை விட்டு வந்து இதுதான் முதல் சபாத்."

ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அந்த வெள்ளியன்று வைன் கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் கை நடுங்கியது. குளிராக்கும் என்று நினைத்து நான் எழுந்துபோய் ஹீட்டரைக் கூட்டிவிட்டேன். அதற்கு அவர் நன்றி சொன்னார்.