ஒன்பதாவது பில்

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர். வேலையில் அவள் எதையும் தள்ளிப்போட்டதில்லை. திங்கட்கிழமை கேட்ட பல், வெள்ளிக்கிழமை வாயில் இருக்கும். கம்ப்யூட்டர் எதையாவது புதுப்பிக்கட்டுமா என்று கேட்டால் மட்டும் அவள் விரல் தானாக 'அப்புறம்' என்ற பொத்தானுக்குப் போகும். வீட்டுக் கணக்கு மென்பொருள் பதினோரு வருஷமாக அப்படியே இருந்தது. மாதம் ஐந்தாம் தேதி எல்லா பில்லையும் தானே கட்டிவிட்டு, 'முடிந்தது' என்று பச்சை எழுத்தில் சொல்லும். ஒழுங்காக ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும் என்பது அவள் கட்சி. பழைய பதிப்பில் பணம் போட்டு எடுப்பது கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது போல என்பது மற்ற எல்லோருடைய கட்சி. இரண்டுமே சரி என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் பதினோரு வருஷம் பிடித்தது.

கடைசியில் மென்பொருள் நிறுவனமே முடிவெடுத்தது. மாதக் கடைசியோடு பழைய பதிப்பில் பில் கட்ட முடியாது; புதியதற்கு மாறுகிறவர்கள், பணம் போகும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஆம்' என்று சொன்னால்தான் அவை கூட வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தாள். ஒன்பது இடங்கள். தண்ணீர், போன், இன்ஷூரன்ஸ் என்று எட்டு தெரிந்த முகங்கள். ஒன்பதாவதும் தெரிந்த முகம்தான்: மின்சார ஆபீஸ். ஆனால் அது ஏற்கெனவே மூன்றாவதாக வந்து போயிருந்தது. இது வேறு இணைப்பு எண்.

எப்படி வந்தது என்பது சீக்கிரமே புரிந்தது. வீட்டை விற்றவர் பழைய பில்களை ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருந்தார். உறையில் இருந்ததை இருந்தபடி அன்றே மென்பொருளில் ஏற்றியிருந்தாள். வாயில் எடுத்த அச்சில் பள்ளம் இருந்தால் பள்ளம், மேடு இருந்தால் மேடு; கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று பழகிய கை அது. வேறு யாராவது என்றால் ஒரே ஆபீஸிலிருந்து எதற்கு இரண்டு பில் என்று கேட்டிருப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டிலேயே வாழ்ந்தவர் என்பதால், சந்தேகமான எதைக் கண்டாலும் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். திரையைப் பார்த்ததும் தேடியது.

"பதினோரு வருஷமா யாருக்கோ கரண்ட் பில் கட்டியிருக்கியா?"

"நான் எங்க கட்டினேன்? அதுவே கட்டியிருக்கு."

தொகை சின்னது. ஆனால் வெயில் காலம், மழைக் காலம் என்றில்லாமல், மாதம் தவறாமல் ஒரே தொகை.

கீழே மீட்டர் அறைக்குப் போனார்கள். நான்காம் மாடி வரிசையில் மூன்று மீட்டர்கள். ஒன்று அவர்களுடையது, ஒன்று பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுடையது. மூன்றாவதில் அந்த எண். உள்ளே சக்கரம் யோசித்து யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற மாடிகளில் மாடிக்கு மூன்று கதவு. நான்காவதில் இரண்டு கதவு, அப்புறம் வெறும் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய படுக்கையறை.

மின்சார ஆபீஸில் விசாரித்தாள். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒன்றுமில்லையாம். பணம் ஒழுங்காக வருவதால் யாரும் கேட்கவில்லையாம். வீட்டை விற்றவரின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. சுவரை உடைத்துப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். சொன்னவரே அன்று ஹாலில் படுத்துக்கொண்டார்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது.

"நம்ம காசுல யாரோ லைட்டு எரிய விட்டா, அணைக்கறதுக்கு என்ன யோசனை?" என்றார்.

"எரியறது லைட்டுதான்னு யாரு சொன்னா?"

எரிவது என்னவென்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும்தான். அதுதான் கையைப் பிடித்து இழுத்தது. தொடர்ந்து கட்டினால் ஏமாளி. நிறுத்தினால் எதை நிறுத்துகிறோம் என்று தெரியாமல் நிறுத்துகிறவள். ஏமாளி என்ற பேரை விட இன்னொன்று மேல் என்று கடைசி நாள் மாலை எட்டுக்கு 'ஆம்' சொல்லி, ஒன்பதாவதற்கு 'இல்லை' என்று அழுத்தினாள். புதுப் பதிப்பு வந்து உட்கார்ந்தது. கூடத்தில், இனி உனக்கு வேறு பெயர் தேட வேண்டும் என்று கேலி செய்தார்கள்.

ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அறையில் ஏதோ குறைந்திருந்தது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போலக் காது அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது. பிறகுதான் பிடிபட்டது. சுவருக்குள் மெல்லிய முனகல் ஒன்று இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. நின்ற பிறகுதான் முதல் தடவையாக அது கேட்டது.

கீழே ஓடிப் பார்த்தாள். சக்கரம் நின்றிருந்தது. தொலைந்தது சனியன் என்ற நிம்மதி நான்கு மாடி ஏறும்வரை நீடித்தது.

வீட்டுக்காரர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. அதில் கோபமில்லை, அவசரமில்லை. உங்க வீட்டிலும் கரண்ட் இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பாரே, அந்த மரியாதையான தட்டு. தூங்குவது போலிருந்த மனிதரின் வலது கால் மெத்தையில் அழுந்தியது.

"கட்டிடு," என்றார், கண்ணைத் திறக்காமல்.

இணைப்பு எண் அவளுக்கு மனப்பாடம். புதுப் பதிப்பு நாகரிகமானது. புதிதாக ஓர் இடத்தைச் சேர்த்தால் விசாரிக்கும். 'பணம் பெறுபவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டது. 'ஆம்', 'இல்லை' இரண்டுதான் இருந்தன. 'அப்புறம்' எங்கே என்று திரை முழுக்கத் தேடினாள். எடுத்துவிட்டிருந்தார்கள்.

'ஆம்' என்று அழுத்தி, பாக்கியையும் அபராதத்தையும் கட்டினாள். செவ்வாய்க்கிழமை மதியம் சுவர் மறுபடி முனகத் தொடங்கியது.

இப்போதெல்லாம் ஐந்தாம் தேதி பச்சை எழுத்து வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் சுவரில் ஒரே ஒரு தட்டு கேட்கும்.

"ரசீது வந்துடுச்சு," என்பார் வீட்டுக்காரர்.