செத்த பட்டாணியின் மூச்சு

இது நடந்தது. நம்புகிறவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம்பாதவர்களும் போட்டுக்கொள்ளலாம்; கடைசியில் எழுந்து ஓடுவதில் உங்களுக்குள் போட்டியே நடக்கும். அங்கங்கே உப்பு காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிவப்புத் துளி நகர்ந்ததில் ஒரு மில்லிமீட்டர்கூட நான் கூட்டவில்லை.

மேல்நிலை வகுப்பின் உயிரியல் ஆய்வுக்கூடம். ஃபார்மலின் நெடி எப்படி என்றால், வாசலைக் கடக்கும் ஈகூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பறக்கும். அங்கே இரண்டு தோழிகள். ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். அவளுக்குக் கோட்டான் என்று பேர். இன்னொருத்தி வாயை மூடவே மாட்டாள், அவள் வாயாடி. அவள் பேச ஆரம்பித்தால் சுவர்க் கடிகாரம் நின்று கேட்டுவிட்டு, அப்புறம் தாமதத்தைச் சரிக்கட்ட ஓடும்.

மூச்சை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் முளைவிட்ட பட்டாணி. அது மூச்சு விட விட, வெளிவரும் கரியமில வாயுவைக் குழாயில் வைத்த காரம் உறிஞ்சிக்கொள்ளும்; உள்ளே காற்று குறையும். குழாயோடு இணைத்த மெல்லிய தண்டில் நிற்கும் சிவப்புத் துளி, குழாயை நோக்கி நகரும். இன்னொன்றில் வேகவைத்துக் கொன்ற பட்டாணி. அதன் துளி அசையக் கூடாது. அசைந்தால் சோதனை தப்பு.

வாயாடி எப்போதும் செத்த குழாயைத்தான் கேட்டு வாங்குவாள்.

“எனக்கு அதான் வேணும்டி. பார்த்துக்க வேலையே இல்ல. பேசிக்கிட்டே இருக்கலாம்.”

போன மாதம், மின்சாரம் போன ஓர் இரவில், வாயாடி செத்துப்போனாள். பக்கத்து அறையில் ஓடிய ஜெனரேட்டரின் புகை அவள் அறையில் நிறைந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று வீட்டார் சொன்னார்கள். தெருமுனைக் கடைக்காரர் வரை அதையே சொன்னார்கள். கோட்டான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள், பள்ளிக்கூடம் வந்தாள். அது இல்லையென்றால் அவளை யாரும் எழுப்பி உட்கார வைத்திருக்க முடியாது.

சோதனையன்று வேறு ஜோடி சேர்ந்துகொள்ளச் சொன்னார் டீச்சர். கோட்டான் தலையாட்டி மறுத்தாள். மற்றவர்கள் முடித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம். ஜன்னல் வழியாக நல்ல வெயில். காற்று படக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கோட்டானுக்குப் பக்கத்து முக்காலி காலி.

உயிருள்ள பட்டாணியின் துளி மெதுவாக நகர்ந்தது. சரி.

செத்த பட்டாணியின் துளியும் நகர்ந்தது.

அதைவிட வேகமாக.

டீச்சர் வந்து பார்த்தார். சரியாக வேகவில்லையோ என்று கேட்டார். கோட்டான் ஒரு பட்டாணியை நசுக்கிக் காட்டினாள், மாவாக உதிர்ந்தது. அடைப்பானில் காற்று கசிகிறது என்றார் டீச்சர். அதைச் சுற்றி வாஸ்லின் களிம்பு தடவினார்கள். துளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுபடி நகர்ந்தது.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டாணியைக் கொட்டிவிட்டு வெறும் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டார். கண்ணாடிக்கு ஏது மூச்சு?

துளி நின்றது. டீச்சர் சிரித்தார்.

அப்புறம்… ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது.

இன்னொரு வெட்டு.

இழுத்து இழுத்து. காற்றுக்குத் தவிக்கும் நெஞ்சு போல.

குழாயின் உள்பக்கம் ஆவி படிந்தது. உள்பக்கம்… யாரோ வாயை ஒட்டவைத்து ஊதியது போல.

டக்.

குண்டுகள் அசையவில்லை. மேசை அசையவில்லை.

டக்… டக்…

கண்ணாடியில் நகம் படும் சத்தம்.

துளி தண்டின் கடைசிக்குப் போய்விட்டது. இனி போக இடமில்லை. அங்கேயே நின்று நடுங்கியது.

டீச்சர் கோட்டானின் தோளைப் பிடித்து இழுத்தார். “எழுந்திரு. அதைத் தொடாத.”

“டீச்சர்… அவளுக்கு முடியல.”

கோட்டான் எட்டி, குழாய்க்குள் காற்று போகாமல் அடைத்திருந்த கிளிப்பைத் திறந்தாள்.

ஸ்ஸ்ஸ்…

காற்று உள்ளே போனது. துளி பின்னால் வழுக்கி வந்தது. ஆவி கலைந்தது. சத்தம் நின்றது.

டீச்சரின் உதட்டில் ரத்தமே இல்லை. செத்த குழாயின் அளவைப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார். கோட்டான் எதையும் எழுதவில்லை. பையைக்கூட எடுக்காமல் நேராக வாயாடியின் வீட்டுக்குப் போனாள். பேசாமடந்தை என்று பேரெடுத்தவள், வாசலில் நின்ற வாயாடியின் அக்காவிடம் மூச்சு வாங்கக் கேட்டாள்.

“அக்கா, அவ தூக்கத்துலதான போனா?”

அக்கா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள்.

“யாரு சொன்னா உனக்கு?”

அக்கா படியில் உட்கார்ந்தாள்.

“படுக்கையில இல்லடி. ஜன்னலுக்குக் கீழ கிடந்தா. நகமெல்லாம் பேந்துபோயிருந்துச்சு. அம்மா தாங்க மாட்டாங்கன்னு நாங்கதான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிட்டோம்.”

கோட்டான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜன்னல் கொக்கி பாதி தூக்கியிருந்துச்சு,” என்றாள் அக்கா. “இன்னும் ஒரு விரல் அளவுதான் பாக்கி.”