குணா அண்ணனின் இரண்டாவது மரணம்

இரண்டாம் முறை செய்தி வந்தபோது யாரும் அழவில்லை. காலை நேரம், கடையில் கூட்டம். குணா அண்ணனின் அம்மா, பாக்கியம் ஆண்ட்டி, இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் மாவாக இருந்ததால் போனை எடுத்து நான்தான் படித்தேன். உக்ரேனில் குணா அண்ணனோடு ஒரே படைப்பிரிவில் இருந்த, நம் நாட்டு ஈப்போக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். "மன்னிச்சிருங்கம்மா, இந்தத் தடவை நான் கண்ணால பார்த்தேன்" என்று எழுதியிருந்தார். ஆண்ட்டி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கையில் இருந்த மாவைப் பிழிந்து முடித்தார். வரிசையில் நின்றவருக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அடுப்பை அணைத்தார்.

ஜெலுத்தோங்கில் நம் பிளாட்டில் இருக்கும் உங்களுக்கெல்லாம் குணா அண்ணனின் ஒரு சாவுதான் தெரியும். அவர் தங்கை கவிதா அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் வந்த சாவு. அதற்கு எல்லாரும் வந்தீர்கள், அழுதீர்கள். ஆனால் அது நடக்கவே இல்லை. நடந்தது இப்போதுதான். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. கவிதா அக்காதான் என்னை எழுதச் சொன்னார். "உனக்குப் பேச வராது, எழுத வரும். பேரைப் போட்டே எழுது" என்றார்.

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்பார்கள். குணா அண்ணனுக்கு வாய் பொல்லாதது. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு அவர் அம்மாவின் கடைக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒருவர் வரிசையை மீறி வந்து என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன். இரவு வேலை முடித்து வந்த குணா அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். பொட்டலத்தை அவரிடமிருந்து வாங்கி உரியவருக்குக் கொடுத்தார். பிறகு எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "வாயை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கியே, சாகும்போது காக்காவுக்கு வைக்கப் போறியா?" கூட்டமே சிரித்தது. அன்று முதல் அவருக்கு நான் 'வாயில்லாப் பூச்சி'.

அவர் ஆர்மியில் இருந்து வெளியே வந்தவர். பிறகு ஒரு காண்டோவில், வசதியானவர்களின் அடுக்குமாடியில், காவலர் வேலை. கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட வேண்டும். ஒருமுறை ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கி, ஏன் சல்யூட் அடிக்கவில்லை என்று கேட்டாராம். அண்ணன் அடித்தாராம். கடையில் வந்து அதை நடித்துக் காட்டினார். "ஆர்மியில துப்பாக்கி தூக்குனேன், இங்க கட்டை தூக்குறேன். சல்யூட் மட்டும் ஒண்ணுதான் லா" என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்ட விதத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உக்ரேனுக்குப் போகிறேன் என்று அவர் சொன்னதும் கீழே காப்பிக் கடையில் நீங்கள் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தவன் சண்டையில் போய்ச் சாக பாஸ்போர்ட் வேறு எடுக்கிறான் என்றீர்கள். அங்கே பனியில் கட்டை தூக்கப் போகிறான் என்றார் ஒருவர். அவர் பெயரை எழுதவில்லை. ஆண்ட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "அவங்க நமக்கு யாருடா?" அண்ணன் பைக்குள் துணியைத் திணித்துக்கொண்டே பதில் சொன்னார்: "யாரும் இல்லம்மா. இங்க கார்ல போறவன் மட்டும் எனக்கு யாரு? அங்க போனா, எனக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்வேன்."

முதல் செய்தி வந்தது கவிதா அக்காவின் கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்து முடித்த சமயத்தில். அவர்கள் பதுங்கியிருந்த குழியில் குண்டு விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை என்று அதே ஈப்போக்காரர் சொன்னார். உடல் வராது என்றும் சொன்னார். ஆண்ட்டியின் தம்பி ராஜு அங்கிள் உடனே வந்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்பது அவர் பேச்சு. கருமாதி முடியாமல் தீட்டு தீராது, தீட்டு தீராமல் மாப்பிள்ளை வீட்டார் வாசல் ஏற மாட்டார்கள். உடல் கிடைக்காதவருக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்துவிடலாம் என்றார். கொஞ்ச நாள் காத்திருக்கலாமே என்று ஆண்ட்டி கெஞ்சினார். "மண்டபம் காத்திருக்குமா?" என்று அங்கிள் கேட்டார்.

தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் கட்டினார்கள். தலைக்குத் தேங்காய். போட்டுவிட அவருடைய சட்டை வேண்டும் என்றபோது, துவைத்து மடித்து இருந்தது காவலர் சட்டை மட்டும்தான். அதைப் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிள் கொள்ளி வைத்தார். நீங்கள் பார்த்த சாவு அதுதான். கருமாதிக்கு ஆண்ட்டி காக்கைக்குச் சோறு வைத்தார். மாலை போட்ட படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள்.

கருமாதி முடிந்து, கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலையில், ஆட்கள் வரும் முன்னே, கடையில் போன் அடித்தது. தெரியாத எண். ஆண்ட்டியின் கை மாவாக இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, கடை திறந்தாச்சா?" என்று கேட்டது குணா அண்ணன். தோளில் அடிபட்டு, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். ஆண்ட்டி கீழே உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். அண்ணன் முதலில் நம்பவில்லை. பிறகு கேட்டார், "எந்தச் சட்டையில எரிச்சீங்க?" சொன்னதும் சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே அதைப் போட வேணாம். காக்காவுக்குக் காரமாச் சம்பல் வெச்சீங்களா? சம்பல் இல்லாம வெச்சா நான் எப்படிச் சாப்பிடறது?"

அன்று அவர் சொன்ன விஷயம் ஒன்றுதான். காயத்தைக் காட்டி விலகிக்கொள்ளலாம், அந்த வாரமே கிளம்பலாம். அங்கேயே தங்கினால், தோள் ஆறியதும் மறுபடி படைப்பிரிவோடு சண்டைக்குப் போக வேண்டும். "என்னம்மா சொல்றே, வரவா?" என்று கேட்டார். "வாடா, இப்பவே வா" என்றார் ஆண்ட்டி.

மறுநாள் அதே நேரத்துக்கு அவர் கூப்பிட்டபோது அங்கிளும் இருந்தார். கருமாதி முடிந்தவன் பந்தக்கால் நட்ட வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார் அங்கிள். அப்படி வருபவனுக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளை மாதிரி பெயர் வைத்துச் சடங்கு செய்யாமல் வாசலில் விடக்கூடாது என்றார். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால், பொய்யாக ஒப்பாரி வைத்த குடும்பம் என்று கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்றார். கவிதா அக்காவிடமும் சொல்ல வேண்டாம், அவள் முகத்தில் தெரிந்துவிடும் என்றார். பேசிக்கொண்டே போனார். கடைசியில் ஆண்ட்டி, நான் பிடித்திருந்த போனுக்கு அருகே குனிந்து, "கல்யாணம் முடியட்டும்டா. அப்புறம் வா" என்றார். அண்ணன் சிரித்தபடி ஏதோ சொல்லிச் சம்மதித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஆண்ட்டிக்கு மனசு ஆறியது.

ஆண்ட்டி கை கழுவப் போன பிறகு அண்ணன் என்னிடம் பேசினார். "ஏய் வாயில்லாப் பூச்சி, கல்யாணத்துல எனக்கு ஒரு இலை போட்டுடு. கடைசி வரிசை போதும்."

கல்யாணத்தன்று போட்டேன். வீட்டில் அவர் படத்தைக் கழற்றி, மாலையோடு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்கள், கல்யாண வீட்டில் ஆகாது என்று. மண்டபத்தில் கடைசி வரிசையின் ஓரத்தில் இலையை விரித்து, உப்பு முதல் எல்லாம் வைத்தேன். அங்கிள் வந்து யாருக்கு என்று கேட்டார். நான் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தேன். அவர் மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டிரைவர் நல்ல பசியில் இருந்தார். பாயசம் இன்னொரு முறை கேட்டார். நான்தான் ஊற்றினேன்.

பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு போய் வந்து, எல்லாம் அடங்கியதும் அவனை வரச் சொல்கிறேன் என்று ஆண்ட்டி காத்திருந்தார். அதற்குள் தோள் ஆறி, அண்ணன் படைப்பிரிவோடு போய்விட்டிருந்தார். அங்கிருந்துதான் இரண்டாவது செய்தி வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஏறிப்போன ஆண்ட்டி, அலமாரி மேல் இருந்த படத்தை இறக்கினார். பழைய மாலை காய்ந்துபோய் அதிலேயே இருந்தது. அதோடேயே மாட்டினார். கவிதா அக்கா வந்தபோதுதான் முழுக் கதையும் அவருக்குத் தெரிந்தது. தன் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அண்ணன் உயிரோடு இருந்தார் என்பது. அவர் அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை ஆண்ட்டி இனிமேலும் தினம் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் சடங்கு செய்ய வேண்டும் என்று ஆண்ட்டி சொன்னார். அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. "செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாச்சுக்கா. ஒருத்தனுக்கு ரெண்டு தடவை கொள்ளி வைக்கிறது எங்கயும் கிடையாது" என்றார்.

"மொத தடவை எரிச்சது புல்லு, அங்கிள்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடைப் பிள்ளைக்கு வாய் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, தன் அக்காவிடம் காப்பி கேட்டார். ஆண்ட்டி போட்டுக் கொடுத்தார். இன்றுவரை சடங்கு நடக்கவில்லை.

குணா அண்ணனின் சாமான் எதுவும் என்னிடம் இல்லை. அந்தச் சட்டைகூட எரிந்துவிட்டது. காலையில் காக்கைக்குச் சோறு வைக்கும்போது, ஆண்ட்டி மறந்தாலும், கொஞ்சம் சம்பல் வைக்கிறேன். அப்புறம், அன்று போனில் அவர் சிரித்தபடி சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் வா என்று அம்மா சொன்னதும், போன் கட்டாகிவிட்டதோ என்று காதருகே கொண்டுபோனேன். அப்போதுதான் சொன்னார்.

"சரிம்மா. செத்தவனுக்கு என்ன அவசரம்? மெதுவா வரேன்."